தொட்டிக்குள் ஒரு கோட்டை

ஒரகடத்தில் மழைக்கு ஒதுங்க, ஜப்பான்காரர்கள் தங்கும் விடுதி ஒன்றுக்குள் கூச்சத்தோடு நுழைகிறேன். வரவேற்பறையில் பவளப்பாறைத் தொட்டி இருக்கிறது. மேலே தொங்கும் சின்ன விளக்குகளின் வெள்ளை ஒளி, கடலடி வெயில் போல மணலில் நெளிகிறது. நாலைந்து பவளங்கள்தான், மற்ற இடமெல்லாம் வெறும் மணல். ஆனால் நடுவே ரோஸ் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் கோட்டை. அதன் நிழலில் ஒரு பவளம் வெளுத்துச் சுருங்கியிருக்கிறது.

தொட்டியின் மூடியைத் திறந்து கண்ணாடியைத் துடைக்கும் பெண்ணிடம் அந்தக் கோட்டையைப் பற்றிக் கேட்கிறேன். பேச்சில் தூத்துக்குடி தெரிகிறது.

"மேனேஜர் வச்சது அண்ணாச்சி. தொட்டிய அமைச்ச ஜப்பான்காரங்க வேணும்னேதான் எடம் விட்டு வச்சாங்க. இவரு காலியா கெடக்குன்னு சொல்லுதாரு. வெளிச்சமில்லாம பவளம் செத்துரும்னேன். 'தொடைக்க வந்தியா, பாடம் நடத்த வந்தியா'ன்னுட்டாரு. நான் எடுத்தா வேலை போயிரும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. உயிரை இருட்டில் போட்டுவிட்டு பொம்மைக்கு விளக்குப் பிடிக்கிறார்களே! சட்டைக் கையை மடித்து, தொட்டிக்குள் கைவிட்டுக் கோட்டையைத் தூக்குகிறேன்.

மேனேஜர் ஓடி வருகிறார். "யோவ், இன்னாய்யா பண்ற? அவ சொன்னாளா?"

"அவங்க வேணாம்னுதான் சொன்னாங்க. நான்தான் எடுத்தேன்."

"வச்சிட்டு வெளிய போய்யா!"

வெளியே போகிறேன், வைக்கவில்லை. கொட்டும் மழையில், நெஞ்சோடு அணைத்த கோட்டையுடன் பேருந்து நிறுத்தத்துக்கு ஓடுகிறேன்.