சர்க்கரை நோட்டும் மகளின் விரலும்

என் மகளின் ரத்தத்தைப் பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டுமா, வேண்டாமா? மருத்துவர் எழுதித் தந்த சீட்டு மூன்று வாரங்களாக என் கைப்பையில் கிடக்கிறது. பதில்தான் கிடைக்கவில்லை.

எனக்கு டைப் ஒன் சர்க்கரை நோய். கல்லூரி முடித்த வருடத்திலிருந்து இன்சுலின் போட்டுக்கொள்கிறேன். விரலைக் குத்திப் பார்க்கும் ஒவ்வொரு சர்க்கரை அளவையும் தேதி போட்டு நோட்டில் எழுதிவைப்பேன். நர்ஸ் அதை மற்ற நோயாளிகளிடம் காட்டிப் பாராட்டுவார். அந்தப் பெருமைதான் வினையாக வந்தது.

போன வருடம் முதுகும் தொடையும் திடீர் திடீரென்று இறுகத் தொடங்கின. குக்கர் விசில் அடித்தாலே உடம்பு தூக்கிப்போடும். கால் மரக்கட்டையாகிவிடும். சர்க்கரை இறங்கிவிட்டது என்று நானே முடிவுகட்டி ஒரு கடலைமிட்டாயைக் கடிப்பேன். சற்று நேரத்தில் இறுக்கம் தளரும். விரலைக் குத்திப் பார்க்காமலே நோட்டில் 'லோ' என்று எழுதிவிடுவேன். கட்டத்தை வெறுமையாக விட மனம் வராது. அதை நம்பி மருத்துவர் இன்சுலினைக் குறைத்தார்.

ஒரு மாலை, கேளம்பாக்கத்தில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்துகொண்டிருந்தேன். பேருந்து ஒன்று ஹாரன் அடித்தது. அப்படியே நின்றுவிட்டேன். கால் நகரவில்லை. அவள் கையைப் பற்றியிருந்த விரல்களும் திறக்கவில்லை.

"அம்மா, வலிக்குது, விடும்மா!" என்று அவள் அழுதாள்.

"இன்னாக்கா, நடுரோட்ல சிலையாட்டம் நின்னுகினு கீற?" என்று கத்திய ஷேர் ஆட்டோக்காரர், என் முகத்தைப் பார்த்ததும் இறங்கி ஓடிவந்தார். அவரும் பூ விற்கும் அம்மாவும் சேர்ந்து என்னைப் பலகையைப் போல் ஓரத்துக்குத் தூக்கினார்கள்.

"சுகர் போலக் கீது. எதுனா இனிப்பு குடு நைனா," என்றார் அந்த அம்மா.

"என்கிட்ட பாக்குதான் கீது!"

மகள் என் பையைத் துழாவிக் கடலைமிட்டாயை எடுத்து நீட்டினாள். வீட்டுக்கு வந்து அன்றுதான் விரலைக் குத்தினேன். சர்க்கரை இறங்கவில்லை, முந்நூறைத் தாண்டியிருந்தது.

செங்கல்பட்டில் நரம்பு மருத்துவர் ரத்தப் பரிசோதனை எழுதினார். கிருமியை எதிர்க்க வேண்டிய எதிர்ப்பொருள் சில நேரம் நம் உடம்பையே குறிவைக்குமாம். என் ரத்தத்தில் அது மிக அதிகம். அது குறிவைக்கும் பொருள் இன்சுலின் சுரக்கும் செல்களிலும் இருக்கிறது. தசையைத் தளரச் சொல்லும் நரம்புகளிலும் இருக்கிறது. சர்க்கரை நோயாளிகள் பலருக்கு இந்த எதிர்ப்பொருள் இருந்தாலும், இந்த இறுக்கம் மிக அரிதாகத்தான் வருமாம். மாத்திரையில் இப்போது நடக்கிறேன். ஹாரன் சத்தம் கேட்டால் மட்டும் மகளின் கையை விட்டுவிடுகிறேன். அதுவும் சரியா என்று தெரியவில்லை.

குழந்தைக்கும் அந்த எதிர்ப்பொருள் இருக்குமா என்று சர்க்கரை மருத்துவரிடம் கேட்டேன். "பார்க்கலாம்மா. எதிர்ப்பொருள் ஒண்ணு இருந்தாலே சர்க்கரை நோய் வந்துடும்னு இல்ல. இல்லாட்டி வரவே வராதுன்னும் சொல்ல முடியாது. தெரிஞ்சா முன்னாடியே கவனமா இருக்கலாம்," என்று சீட்டை எழுதினார்.

"தெரிஞ்சுக்கிட்டு தினம் தினம் பயப்படணுமா? விடு," என்றார் கணவர். மறுநாள் காலை ஷூ மாட்டும்போது, "எதுக்கும் பார்த்துடலாமோ?" என்றார்.

போன ஞாயிறு மாமல்லபுரம் கடற்கரையில் ஓடி விளையாடிவிட்டு வந்த மகள், பாட்டில் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். வெயில்தான். ஆனாலும் இது சர்க்கரைத் தாகமோ என்று என்னால் இருக்க முடியவில்லை. புது ஊசி மாட்டி, மணலிலேயே அவள் விரலைக் குத்தினேன். அளவு சரியாக இருந்தது. அவள் விரலைச் சப்பிக்கொண்டே கேட்டாள்: "இதையும் உன் நோட்டுல எழுதுவியாம்மா?"

எழுதவில்லை. ஒருமுறை பார்க்காமலே எழுதி ஏமாந்தவள் நான். இப்போது பார்க்கவே பயப்படுகிறேன். அவளுக்கு ஆறு வயதுதான். உங்களில் யாராவது உங்கள் குழந்தைக்கு இந்தப் பரிசோதனையைச் செய்திருந்தால், அல்லது வேண்டாம் என்று விட்டிருந்தால், அதன் பிறகு வீட்டில் எப்படி இருந்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.