கொரில்லா தின்றது காளான் அல்ல

கடலூரில் வீட்டிலிருந்தபடியே பார்க்க எனக்கு ஒரு வேலை கிடைத்தது. ஆப்பிரிக்கக் காட்டில் மரங்களில் கட்டிய கேமராக்கள் எடுத்த வீடியோக்களைப் பார்த்து, எந்த மிருகம், என்ன தின்கிறது என்று குறிக்க வேண்டும். முதல் வாரம் முழுக்கக் கொட்டாவிதான். வெறும் இலை ஆடுவதை எவ்வளவு நேரம் பார்ப்பது?

பிறகு அவர் வந்தார். முதுகு நரைத்த பெரிய கொரில்லா. 'அது' என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. சருகை ஒதுக்கி, மண்ணுக்குள்ளிருந்து செம்பழுப்பாய் எதையோ பிடுங்கி, ஒட்டிய மண்ணை விரலால் துடைத்துவிட்டுத் தின்றார். தின்றபடியே மெல்ல ராகம் இழுத்தார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. 'காளான்' என்று குறித்தேன். அப்படியே பதினோரு வீடியோக்களில் குறித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை திட்டக்குடியில் எங்கள் கத்தரிக் கொல்லைக்குப் போனோம். செடியடியில் முளைத்திருந்த ஒன்றை என் கணவர் எரிச்சலோடு பிடுங்கிப் போட்டார்.

"காளானா?" என்றேன்.

"காளான் பூக்குமா? நல்லாப் பாரு. இதுவும் செடிதான். எலையே கெடையாது. கத்திரி வேரப் புடிச்சிக்கிட்டு அதோட சாறக் குடிச்சே வளருது."

"ஒங்க தம்பி மாதிரின்னு சொல்லுங்க."

அவர் சிரிக்கவில்லை.

வீடு திரும்பியதும் வீடியோக்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். கொரில்லாவின் கையிலிருந்ததில் பொடிப்பொடியாய்ப் பூக்கள். சிதம்பரம் ஆபீஸில் எங்கள் வேலையைச் சரிபார்க்கும் பெண்ணுக்குப் போன் செய்தேன்.

"சும்மா விடுங்கக்கா. திருத்துனா பதினொண்ணும் உங்க தப்புன்னு ஏறும். அஞ்சுக்கு மேல போனா இந்த வேலையிலேர்ந்தே எடுத்துருவாங்க. இதுவரைக்கும் யாரும் கேக்கலயே," என்றாள்.

அவள் சொன்னதும் நியாயம்தான். மறுபடி ஒருமுறை பார்த்தேன். சருகுக்கு மேலே ஒன்றுமே தெரியவில்லை. ஆனாலும் அவர் நேராக அந்த இடத்துக்கு வந்து உட்கார்ந்து தோண்டுகிறார். அவ்வளவு பெரிய காட்டில், மண்ணுக்கடியில் ஒளிந்திருப்பது அவருக்கு எப்படித் தெரிந்தது? அதைப் போய் நான் காளான் என்று எழுதி மூடிவிடுவதா? பதினொன்றையும் திருத்தினேன்.

அடுத்த வாரம் அந்தப் பெண்ணே கூப்பிட்டாள். "ஆராய்ச்சி பண்றவுங்களுக்கு ஒரே சந்தோஷமாம்க்கா. அது ரொம்ப அபூர்வமான செடியாம்." அடுத்த மூச்சில் என்னை எடுத்துவிட்டதையும் சொன்னாள். கார் நிறுத்துமிட வீடியோக்கள் இருக்கின்றன, பார்க்கிறீர்களா என்றாள். சரி என்றேன்.

போனை வைத்துவிட்டு அழுதேன். வேலைக்காக இல்லை. இனி அவரைப் பார்க்க முடியாதே.