ஏழு மணித் தண்ணீர்

சென்னையிலிருந்து புறப்பட்ட நான்காம் நாள் காலையில் தீவு தெரிந்தது. அன்று கடலின் நிறத்தைப் பற்றி நாட்குறிப்பில் மூன்று வரி எழுதி, மூன்றையும் அடித்திருக்கிறேன். எந்தச் சொல்லும் போதவில்லை.

ஈரோட்டுப் பக்கம், கடலே இல்லாத ஊரில் பிறந்தவன் நான். கூட்டுறவுப் படிப்பின் கடைசி மூன்று மாதம் ஏதாவது ஒரு சங்கத்தில் வேலை செய்து பழக வேண்டும். எனக்கு அந்தமான் வந்தது. வீட்டில் 'வெளிநாட்டுப் படிப்பு' என்று சொல்லிக்கொண்டார்கள். பெரிய தவறில்லை, அங்கே போனதும் என் ஊரும் சென்னையும் கல்கத்தாவும் சேர்ந்து 'மெயின்லேண்ட்' என்று ஒரே ஊராகிவிட்டன.

என்னை அனுப்பிய குடியேற்றக் கிராமம் பாம்பூஃப்ளாட்டுக்கு மேற்கே, சதுப்பு மரங்களுக்கு நடுவே ஓர் ஓடைக்கரையில் இருந்தது. சாலை கிடையாது. டுங்கி என்ற சிறு படகுதான். வங்காளிகள், தெலுங்கர்கள், மலையாளிகள், சில தமிழ்க் குடும்பங்கள். பொதுமொழி தீவு ஹிந்தி. எல்லோரும் சேர்ந்து புதிதாக ஒரு காய்கறிச் சங்கம் தொடங்கியிருந்தார்கள். விளைந்தது விற்காமல் மழையில் அழுகிக்கொண்டிருந்தது. நான் வந்த கப்பலோ, போக வரச் சமையலுக்கு வேண்டிய காய் முழுவதையும் சென்னையிலேயே ஏற்றிவந்தது.

பாம்பூஃப்ளாட்டுக்கு அக்கரையில், கப்பல் வந்து நிற்கும் சாத்தம் துறையில் அதன் தலைமைச் சமையல்காரரைப் போய்ப் பார்த்தேன். பண்டாரி என்பார்கள். கீழக்கரைக்காரர்.

"தம்பி, அடுத்த நடைக்கு காலைல ஒம்பது மணிக்குள்ள நாப்பது கூடை இங்க நிக்கணும். ஒரு தரம்தான் பாப்பேன். வரலேன்னா அப்புறம் இந்தப் பக்கம் வரக் கூடாது."

சங்கத்தின் செயலாளர் ஒரு தமிழ்ப் பெண். தூத்துக்குடிப் பக்கத்து மீனவக் குடும்பம். கணவர் சாத்தம் மர ஆலையில் வேலை பார்த்தார். செயலாளருக்கு என் வயதுதான் இருக்கும். அந்த வருடம் நெல் போடாமல் நிலம் முழுவதும் வெண்டையும் பூசணியும் போட்டிருந்தார். கப்பல் வாங்காவிட்டால் அவர் வீட்டில் அரிசி இல்லை.

ஒரு நாள் காலை ஓடைக்குப் போய்ப் பார்த்து எழுதிக்கொண்டேன்: '7.00. ஓடை நிறைய நீர். டுங்கி மிதக்கிறது.' அதை வைத்து அட்டவணை போட்டேன். ஏழுக்கு டுங்கி, எட்டுக்குப் பாம்பூஃப்ளாட், எட்டரைக்கு ஃபெர்ரி, ஒன்பதுக்கு முன் சாத்தம். கோடு போட்டு, சிவப்பு மையில் தலைப்பு எழுதி, சங்கக் கொட்டகையில் ஒட்டினேன். எல்லோரும் வந்து பார்த்துத் தலையசைத்தார்கள்.

ஒரு வாரம் கழித்துக் கப்பல் நாள். ஆறு ஐம்பதுக்குக் கரையில் நாற்பது கூடையும் வரிசையாக இருந்தன. ஓடை இல்லை. சேறு இருந்தது, அதன் நடுவே டுங்கி ஒருக்களித்துப் படுத்திருந்தது. ஒரு வாரத்துக்கு முன் நான் பார்த்த அத்தனை தண்ணீரும் எங்கே போயிற்று என்று எனக்கு விளங்கவில்லை. கடல் இவ்வளவு தூரம் எழுந்து போகும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

"அமாவாச கழிஞ்சு மூணாம் நாளு சார். இந்நேரம் தண்ணி உள்வாங்கி வத்தம்தான். பத்து மணிக்கு மேலதான் டுங்கி அசையும்" என்றார் செயலாளர்.

"தெரிந்துமா சொல்லவில்லை?"

சங்கத் தலைவரான வங்காளி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "பாபு, காகஜ் மே லிகா தா. ஹம் சோச்சா, சர்க்கார் குச் இந்தஜாம் கியா ஹோகா."

காகிதத்தில் எழுதியிருந்தது, சர்க்கார் ஏதோ ஏற்பாடு செய்திருக்கும் என்று நினைத்துவிட்டார்கள். அவர்களுக்கு நிலம், மாடு, கூரைத் தகரம் எல்லாமே காகிதம் வழியாக வந்தவை. சிவப்பு மையில் ஏழு மணி என்றால் தண்ணீருக்கும் உத்தரவு போயிருக்கும்.

"எங்க சார் ஒங்க ஏழு மணித் தண்ணி? பேப்பர்ல ஒட்டுனீங்களே, கொஞ்சம் கூப்பிட்டுப் பாருங்களேன்" என்றார் செயலாளர். யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினார். முழங்கால் வரை போயிற்று. ஓடை வாயில், ஆழத்தில் போய்க்கொண்டிருந்த ஒரு மீன்பிடி டுங்கியைப் பார்த்து, "ஏ பாயி! ருக்கோ, ருக்கோ!" என்று கத்தினார். அது நின்றது. பிறகு திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான்.

ஒவ்வொருவராக இறங்கினார்கள். கரையிலிருந்து ஓடை வாய் வரை ஒரே வரிசை. எண்ணினேன்: என்னோடு சேர்த்து அறுபத்து மூன்று பேர். யார் கூடை முன்னால் போவது என்று முந்தின நாள் மாலைவரை சண்டை போட்டவர்கள். இப்போது எது யாருடையது என்றே தெரியாமல் கூடைகள் கைமாறிப் போயின. "லோ", "பகடோ", "பட்டு", "பிடிச்சோ", "பாத்து, பாத்து" என்று அவரவர் மொழியில் குரல்கள். பின்னால் சதுப்பு மரங்களின் வேர்கள் விரல் ஊன்றி நின்றன. நாங்களும் அப்படித்தான் நின்றோம். என் கை வழியாக நாற்பது கூடை போயிற்று. அந்த முப்பத்தைந்து நிமிடங்களைப் போல் ஒன்றை நான் அதன் பிறகு பார்த்ததில்லை. ஒரு கூடைகூடச் சேற்றில் விழவில்லை.

அந்த மீன்பிடி டுங்கியிலும் பிறகு ஃபெர்ரியிலுமாகச் சாத்தத்தில் நாங்கள் இறங்கும்போது ஒன்பது பதினெட்டு.

"மணி என்ன தம்பி?" என்றார் பண்டாரி.

நான் வாயைத் திறப்பதற்குள் செயலாளர் முன்னால் வந்தார். "அண்ணே, வத்தத்துல ஓடையத் தாண்டிக் கொண்டாந்தோம். கையிலேயே."

பண்டாரி எங்கள் கால்களைப் பார்த்தார். இடுப்பு வரை சேறு காய்ந்து வெள்ளையாகியிருந்தது. "அமாவாச வத்தத்துலயா?" என்று மட்டும் கேட்டார். கூடைகளில் மண் விரல்தடங்கள். ஒரு வெண்டைக்காயை எடுத்து நுனியை ஒடித்தார். சத்தம் எனக்கும் கேட்டது.

"ஏத்துங்க. அடுத்த நடைக்கும் கொண்டாங்க."

திரும்பும் ஃபெர்ரியில் அடுத்த நடை என்றைக்கு என்று சொன்னேன். செயலாளர் விரல் மடக்கி எண்ணவில்லை. தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னார்:

"அன்னிக்கு பவுர்ணமி. ஏழு மணிக்கு டுங்கி மிதக்கும். ஒங்க பேப்பரக் கிழிக்காதீங்க சார். அன்னிக்கு ஒரு நாளைக்கு அது சரியா இருக்கும்."

பௌர்ணமியன்று ஆறரைக்கே போய்க் கரையில் உட்கார்ந்தேன். டுங்கி சேற்றில் சாய்ந்து கிடந்தது. கூடைகளை அதில் ஏற்றிவிட்டு எல்லோரும் சும்மா பேசிக்கொண்டிருந்தார்கள். வேர்களுக்கு நடுவே சத்தமில்லாமல் தண்ணீர் வந்தது. ஆறு ஐம்பத்தெட்டுக்கு, யாரும் தொடாமல், நாற்பது கூடையோடு டுங்கி நிமிர்ந்தது.

என் கடிகாரம் நல்ல கடிகாரம்தான். ஆனாலும் இருமுறை காதில் வைத்துப் பார்த்துக்கொண்டேன்.