ஆயுத பூஜைக்கு ஓய்வெடுத்த பம்பு

"நாளைய டிவி சார் இது!"

இரண்டாயிரங்களின் நடுவில் எங்கள் பேராசிரியர் யாரைப் பார்த்தாலும் இதைத்தான் சொல்வார். பெருங்களத்தூர் தாண்டி, நெல் விளைந்த நிலத்தில் முளைத்த பொறியியல் கல்லூரி அது. நிலத்துக்காரரே தாளாளர். அவரிடமும் இதே பாட்டைப் பாடித்தான் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு இடம் வாங்கியிருந்தார். நான் அங்கே முனைவர் பட்டத்துக்கு மாரடித்துக்கொண்டிருந்தேன்.

விஷயம் இதுதான். கார்பன் நானோகுழாய் என்பது தலைமுடியைவிட ஆயிரக்கணக்கான மடங்கு மெல்லிய குழல். உயர் மின்னழுத்தம் கொடுத்தால், குண்டு பல்பின் இழை மாதிரி சூடாக்காமலேயே அதன் முனையிலிருந்து எலக்ட்ரான்கள் பாயும். எதிரே பாஸ்பர் பூசிய கண்ணாடி இருந்தால் அது பச்சையாக ஒளிரும். இப்படி ஒளிரும் புள்ளிகளை அடுக்கினால் டிவித் திரை என்பது பேராசிரியர் கணக்கு. ஒரே நிபந்தனை, நடுவில் காற்று இருக்கக் கூடாது. அதனால் எல்லாம் ஓர் எஃகுக் கலத்துக்குள் மூடியிருக்க, காற்றை உறிஞ்சும் பம்பு ராப்பகலாக ஓட வேண்டும். காற்று மிச்சமிருக்கும்போது மின்னழுத்தத்தை ஏற்றினால் பொறி வெடித்துக் குழாய்கள் கருகிவிடும்.

என்னிடம் உருப்படியாக இருந்தது ஒரே ஒரு மாதிரி. கட்டைவிரல் நகமளவு சிலிக்கான் துண்டு, மேலே கரி பூசியதுபோல நானோகுழாய்கள். அதை வளர்த்த உலை பழுதாகிக் கிடந்தது. இந்தத் துண்டு நாள் முழுக்கச் சீராக ஒளிர்கிறது என்று காட்டும் அளவீடு மட்டும்தான் பாக்கி. அது கிடைத்தால் ஆய்வேடு முடிந்தது, கிடைக்காவிட்டால் முதலிலிருந்து. பூஜை விடுமுறை முடிந்ததும் அளக்கலாம் என்று, அதைக் கலத்துக்குள் வைத்துப் பம்பை ஓடவிட்டுவிட்டு, கீழ்க்கட்டளையில் இருந்த என் வீட்டுக்குப் போனேன்.

விஜயதசமி காலையில் பேராசிரியர் போன் செய்தார். "தாளாளர் வர்றாரும்மா. நல்ல நேரத்துல லைட்டைக் காட்டிடலாம்." பம்புதான் ஓடுகிறதே, காட்டினால் போச்சு என்று கிளம்பினேன். ஊருக்குப் போய்த் திரும்பியவர்களின் பஸ்களுக்கு நடுவே நசுங்கி ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தேன்.

ஆய்வுக்கூட வாசலில் வாழைக்கன்று. மின்னழுத்தக் கருவிக்கு மூன்று பட்டை விபூதி. ஒளியைப் பார்க்கக் கலத்தில் வைத்த கண்ணாடி ஜன்னலின் நட்டநடுவில் ரூபாய் அகலத்துக்குக் குங்குமம். அதுவரை சிரிப்புதான் வந்தது. பிறகுதான் அறை அமைதியாக இருப்பது உறைத்தது.

"பம்பு ஏன்ணா ஓடலை?" என்று ஆய்வுக்கூட உதவியாளரிடம் கேட்டேன்.

"ஆயுத பூஜைக்கு மிஷினுக்கு ரெஸ்ட் வுடணும்ல மேடம்? சாமி குத்தம் ஆயிடும். சாருதான் ஆஃப் பண்ணச் சொன்னாரு."

ஓடிப்போய் பம்பைப் போட்டுவிட்டுப் பேராசிரியரிடம் சொன்னேன். "சார், காத்து உள்ள பூந்திருக்கு. ரெண்டு நாளாவது ஓடணும். இப்ப ஏத்தினா கருகிடும்."

"அவர் வாசல்ல நிக்கிறாரும்மா. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

ரயிலில் நாலாவது ஆளுக்கு அட்ஜஸ்ட் பண்ணலாம். வெற்றிடத்தில் எப்படிப் பண்ணுவது? இயற்பியல் முனைவர் ஒருவரிடம் இதைச் சொல்லவேண்டி வந்ததே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தாளாளர் பரிவாரத்தோடு வந்து காத்திருந்தார். "இன்னா சார், எரியுமா எரியாதா? எங்க வூட்டு டியூப்லைட்டே ரெண்டு தபா கண்ணடிச்சுட்டு பத்திக்குது."

நான் "வேணாம் சார்" என்பதற்குள் பேராசிரியரே குமிழைத் திருகினார். டப்பென்று ஒரு சத்தம், கண்ணைப் பறிக்கும் நீல வெளிச்சம். புகைப்படக்காரர் மிகச் சரியாக அந்த நொடியில் கிளிக் செய்தார். கைதட்டல் அடங்கவே இல்லை. பச்சையாக வர வேண்டியது ஏன் நீலமாக வந்தது என்று ஒரு ஆத்மா கேட்கவில்லை. பேராசிரியருக்குப் பொன்னாடை, வாசலில் திருஷ்டிப் பூசணிக்காய், எனக்கு ஒரு பொட்டலம் பொரி.

எல்லோரும் போனபின் கலத்தைத் திறந்து பார்த்தேன். கரி உரிந்து வெறும் சிலிக்கான் பளபளத்தது. எனக்கு அழுகை வரவில்லை. அந்தப் பூசணிக்காயை உடைக்க வேறு நல்ல இடம் இருந்ததே என்றுதான் தோன்றியது.

"போட்டோ இருக்கில்லம்மா, தீசிஸ்ல போட்டுக்கோ" என்றார் பேராசிரியர்.

உலையைச் சரிசெய்து, அடுத்த மாதிரியை வளர்த்து முடிப்பதற்குள் மறுபடி ஆயுத பூஜை வந்துவிட்டது. அதற்குள் தாளாளர் அறைச் சுவரில் எல்சிடி டிவி ஏறியிருந்தது. நாளைய டிவிக்கு அவர் காத்திருக்கவில்லை. அந்த நீல வெளிச்சப் படத்தை மட்டும் பெரிதாக்கி, சட்டம் போட்டு எங்கள் வாசலில் மாட்டியிருந்தார்கள். பூஜையன்று உதவியாளர் அதற்குச் சந்தனப் பொட்டு வைத்து, சம்பங்கி மாலையும் போட்டார். செத்துப்போனவர்கள் படத்துக்குச் செய்வது. அந்தக் கல்லூரியில் இடமறிந்து நடந்த சடங்கு அது ஒன்றுதான்.

பிறகு அவர் குங்குமக் கிண்ணத்தோடு உள்ளே வந்தார். நான் சுவிட்சை மறைத்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

"ரெஸ்ட் வுடணும் மேடம்."

"அதுக்குப் பதிலா நான் ரெஸ்ட் எடுத்துக்கறேன்ணா. பொட்டை எனக்கு வச்சிடுங்க."

கிண்ணத்தை என்னிடம் நீட்டினார். என் முதுகுக்குப் பின்னால் பம்பு ஓடிக்கொண்டிருந்தது.