குப்பைப் பையில் இருந்த பெயர்

போன ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி ஐந்து நிமிடத்துக்கு, வாய்க்குக் கொண்டுபோன டீ கிளாஸைக் குடிக்காமல் கீழே வைத்தேன். நேரத்தை இப்படிச் சொல்ல முடிவதற்குக் காரணம், வீட்டுக்கு வந்ததும் நோட்டில் எழுதிவிட்டதுதான். அன்றாடம் நடந்ததைத் தேதி, கிழமை போட்டு எழுதிவைப்பது எனக்கு வெகுநாள் பழக்கம். அதுவரை அந்த நோட்டைப் பார்த்து நான் பயந்ததில்லை.

விருதுநகரிலிருந்து சிவகாசி போகும் வழியில் எங்கள் பேரூராட்சி. பேரூராட்சியின் பெயரை எழுதவில்லை. அங்கே ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறேன். நாட்காட்டிகளும் விசேஷ வீட்டு அழைப்பிதழ்களும் அச்சாகும் இடம். எழுத்துப் பிழையை ஜனங்கள் மன்னித்துவிடுவார்கள். தேதியும் கிழமையும் பொருந்தாவிட்டால் மன்னிக்க மாட்டார்கள்.

காலையில் பேருந்து நிறுத்தத்தருகே ஒரு தள்ளுவண்டிக் கடையில் டீ குடிப்பேன். கடைக்காரப் பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். கணவன் இல்லை, ஒரே மகள். தாயில்பட்டிக்கும் ஏழாயிரம்பண்ணைக்கும் பட்டாசு ஆலை வேன்கள் அங்கிருந்துதான் புறப்படும். தூக்குவாளியோடு நிற்கும் பெண்கள்தான் அவளுடைய வாடிக்கை. முன்பு அவளும் அதே வேனில் போனவள். வெடிக்குள் மருந்து அடைக்கிற அறையில் வேலை. ஒரு நாள் தண்ணீர் குடிக்க மரத்தடிக்குப் போனவள் திரும்பிப் பார்த்தபோது, பக்கத்து அறை இல்லை. அதன்பின் அவள் வேனில் ஏறவில்லை. கடை போட்டாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை சுகாதார ஆய்வாளர் இரண்டு ஆட்களோடு வந்தார். வேறு மாவட்டத்திலிருந்து சித்திரையில் மாற்றலாகி வந்தவர். ஓடையில் யார் குப்பை கொட்டினாலும் பையைப் பிரித்து, உள்ளே பெயரோடு ஒரு காகிதம் கிடைத்தால் அந்தப் பெயருக்கு அபராதம் எழுதுவது அவர் கொண்டுவந்த முறை. வேறு சாட்சி கேட்பதில்லை.

"இது ஒங்க பொண்ணு சடங்குப் பத்திரிகைதானேம்மா?" என்று ஈரமான ஒரு தாளை நீட்டினார்.

"ஆமா சார். எம்பேருதான். இது எங்கன கெடந்துச்சு?"

"ஓடையில. குப்பைப் பைக்குள்ள."

"நான் போடல சார். நான் ஓடைப் பக்கமே போறதில்ல."

"பேரு நடந்து போச்சா?"

வேனுக்கு நின்ற பெண்களில் ஒருத்தி, "எக்கா, ஊருக்கெல்லாம் பத்திரிகை வச்ச, ஓடைய மட்டும் விட்டுட்டியேன்னு பார்த்தேன்" என்றாள். நான்கைந்து பேர் சிரித்தார்கள். ஆய்வாளர் ரசீதுப் புத்தகத்தைத் திறந்ததும் சிரிப்பு நின்றது.

பார்சல் டீக்குப் பிளாஸ்டிக் கவர் வைத்திருந்ததாக ஆனியில் ஏற்கெனவே ஓர் அபராதம் கட்டியிருந்தாள். ஒரே ஆள்மேல் இரண்டாவது அபராதம் விழுந்தால் தள்ளுவண்டி அனுமதி ரத்து என்பது புது விதி. பத்து நாள் கடை போட்டால் கிடைக்கிற தொகையை ரசீதில் எழுதி, திங்கட்கிழமையிலிருந்து வண்டி இங்கே நிற்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் கிளாஸைக் கீழே வைத்தது அதற்கு முன்பே. அவர் தாளை நீட்டியபோது அதில் 'வெள்ளிக்கிழமை' என்று இருப்பதைப் பார்த்தேன். அந்த விசேஷம் நடந்தது வைகாசியில் ஒரு வியாழக்கிழமை. அவள் ஊரெல்லாம் கொடுத்த பத்திரிகையில் வியாழன் என்றுதான் இருந்தது.

அந்த அழைப்பிதழ் வேலையை எங்கள் அச்சகத்துக்கு வாங்கிக் கொடுத்ததே நான். புரூஃப் பார்த்துக் கையெழுத்துப் போட்டதும் நான். இயந்திரத்தில் இருநூறு தாள் ஓடிய பிறகுதான் கிழமை தப்பு என்று கண்ணில் பட்டது. ஓடிப்போய் நிறுத்தினேன். திருத்தி மறுபடி ஓட்டினார்கள். முதலாளி கண்ணில் படாமல் இருக்க, கெட்டுப்போன தாள்களைக் கட்டாகக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். வீட்டில் அலமாரிக்கு விரித்தோம், வெங்காயத் தோலை மடித்துப் போட்டோம். எங்கள் பக்கத்தில் இது அதிசயமில்லை. ஊரில் பாதிப் பேருக்கு அச்சகத்திலோ அட்டைப் பெட்டி கம்பெனியிலோ வேலை. எவர் வீட்டுப் பள்ளிப் புத்தகத்தைப் பார்த்தாலும் எங்கோ ஓர் ஊர்க் கோயில் நாட்காட்டி அட்டையாக இருக்கும். எந்த வடையின் அடியிலும் முன்பின் தெரியாத மணமக்கள் இருப்பார்கள். ஒரு வீட்டுக் குப்பையில் கிடைக்கும் பெயர் அந்த வீட்டுப் பெயராக இருந்தால்தான் ஆச்சரியம். இது அந்த ஆய்வாளருக்குத் தெரியாது.

வீட்டுக்குப் போய் நோட்டைப் புரட்டினேன். முந்தின நாள், திங்கட்கிழமை: 'குப்பை வண்டி நான்கு நாளாக வரவில்லை. நாற்றம். விடியுமுன் ஓடைக் கரையில் வைத்துவிட்டு வந்தேன்.' என் கையெழுத்து. சந்தேகத்துக்கு இடமே இல்லை.

புதன்கிழமையும் டீ குடிக்கப் போனேன். போகாவிட்டால் சந்தேகப்படுவார்கள் என்று தோன்றியது. வியாழக்கிழமையும் போனேன். அவள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. ஓடைப் பக்கம் குடியிருக்கிற ஒரு பெண்ணுக்குச் சில்லறையைக் கையில் கொடுக்காமல் பலகையில் வைத்தாள். எனக்கு மட்டும் வழக்கம்போல் சர்க்கரை குறைத்துப் போட்டாள். சொன்னால் அபராதம் எனக்கு. எந்த அச்சகத் தாள் என்று விசாரித்தால் முதலாளிக்குப் போகும், தாளை மறைத்தது தெரியும், இந்த வயதில் வேறு எங்கே வேலை கொடுப்பார்கள்? நோட்டில் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று இரண்டு தடவை எடுத்தேன். கிழித்தால் அதற்கு முந்தின பக்கமும் சேர்ந்து வந்துவிடும் போல் தைத்திருந்தது. அதை ஒரு காரணமாக வைத்துக்கொண்டு மூடிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை, வேனில் ஆள் ஏற்றுகிற ஏஜெண்டிடம் அவள் பேசுவதைக் கேட்டேன்.

"திங்கக்கெழமையில இருந்து வாரேன் அண்ணாச்சி. ஒரு எடம் வைங்க."

"வேண்டாம்னு கும்பிட்டுட்டுப் போனவதான?"

"கடை இல்லேன்னா வேற என்ன செய்ய? மருந்து ரூம்பு மட்டும் வேண்டாம். திரி பின்னுற எடத்துல போடச் சொல்லுங்க."

"சீசன் நேரத்துல எங்கன ஆளு தேவையோ அங்கனதான் போடுவாக. நான் என்ன மொதலாளியா?"

அவள் சரி என்றாள். சொல்லிவிட்டு, கொதிக்கிற பாலை அடுப்பிலிருந்து இறக்காமல் பார்த்துக்கொண்டே நின்றாள். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது.

நான் அங்கிருந்து நேராகப் பேரூராட்சி அலுவலகத்துக்குப் போனேன் என்று எழுத ஆசைதான். போகவில்லை. மறுநாள் சனிக்கிழமை பதினொரு மணிக்குத்தான் போனேன். விடுமுறை நாளிலும் சுகாதாரப் பிரிவு திறந்திருந்தது. நோட்டையும், கெட்ட தாள் ஒன்றையும், சரியாக அச்சான அழைப்பிதழ் ஒன்றையும் மேசையில் வைத்தேன்.

ஆய்வாளர் இரண்டு அழைப்பிதழையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "யாரும் இப்படி வந்து ஒத்துக்க மாட்டாங்க. அந்தம்மா எவ்வளவு குடுத்துச்சு?"

"அவங்களுக்கு நான் வந்ததே தெரியாது சார்."

"எந்த பிரஸ்?"

சொன்னேன். "தாளை எடுத்து வந்தது முதலாளிக்குத் தெரியாது சார். தப்பு முழுக்க என்னோடது."

"ரசீதை ரத்து பண்ண முடியாது. ரத்துன்னு எழுதினா ஏன்னு மேல கேப்பாங்க. வேணும்னா ஒங்களுக்கும் ஒண்ணு எழுதுறேன்."

அப்போதுதான் உண்மையாகவே பயந்தேன். இருவருக்கும் அபராதம், அவளுக்கு வேன், எனக்கு வேலையும் போகும். என்ன பேசுகிறேன் என்று தெரியாமல், அச்சகத்தில் பேசுகிற மாதிரி, "ரத்து வேண்டாம் சார், அதே ரசீதுல பேரை மட்டும் திருத்திக் கையெழுத்துப் போடலாமே" என்றேன்.

ரசீதுப் புத்தகத்தை இழுத்து, தம்மிடமிருந்த நகலை எடுத்தார். பிறகு அவள் பெயர்மேல் ஒரு கோடு போட்டு, என் பெயரை மேலே எழுதி, அபராதத்தை என்னிடம் வாங்கிக்கொண்டு ஒரு பிரதி கொடுத்தார். வீட்டு எண், கைபேசி எண், ரேஷன் அட்டை நகல் எல்லாம் வாங்கிக்கொண்டார். "அடுத்த தடவை ஒங்க பேரு கெடச்சா குடிதண்ணி இணைப்பைத் துண்டிச்சுருவோம். பிரஸ்ஸுக்கு எப்ப வரணும்னு நான் பாத்துக்கிறேன்" என்றார். எப்போது வருவார் என்று சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போய்த் திருத்திய ரசீதைக் கொடுத்து, நடந்ததைச் சொன்னேன். அவள் ரசீதைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"செவ்வாக்கெழமை அங்கனதான நின்னீக?"

"நின்னேன்."

"அதுக்கப்புறமும் டீ குடிச்சீக."

"குடிச்சேன்."

"யாரு செய்வினை வச்சாகளோன்னு அஞ்சு நாளா எம்புட்டுப் பேரச் சந்தேகப்பட்டேன் தெரியுமா அண்ணாச்சி? ஒங்கள மட்டுந்தான் சந்தேகப்படல."

அவள் உள்ளே போய் மகளின் கோடு போட்ட நோட்டிலிருந்து ஒரு தாளும் பேனாவும் கொண்டுவந்தாள்.

"அந்த ஆளு நாளைக்கு மாறிப் பேசுவாரு. ஒங்க வாய நம்பி நான் கடை போட மாட்டேன். எழுதிக் குடுங்க."

எழுதினேன். அந்தக் குப்பை என்னுடையது, இன்னாருக்கு அதில் சம்பந்தமில்லை என்று. பெயர், முகவரி, கையெழுத்து. அவள் எழுத்துக் கூட்டி முழுவதும் படித்துவிட்டுத்தான் என்னைப் போகச் சொன்னாள்.

திங்கட்கிழமை காலை வேன் வந்தபோது அவள் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். ஏஜெண்ட் ஹாரன் அடித்தார். கையை ஆட்டி, வரவில்லை என்றாள். தள்ளுவண்டியின் முன்பலகையில், ஆள் முகத்துக்கு நேராக, என் தாள் லேமினேஷன் போட்டுத் தொங்கியது. ஒரு பெண் அதைச் சத்தமாக வாசித்தாள். "எக்கா, யாரு இந்த மகராசன்? எழுத்து முத்து முத்தா இருக்கு."

"வெலாசம் போட்டுருக்குல்ல. போயி கேளு" என்றாள் அவள். என் பக்கம் திரும்பவில்லை. டீயைப் பலகையில் வைத்தாள். அன்று சர்க்கரையைக் குறைக்கவில்லை.

தெருமுனையில் ஆய்வாளரின் பைக் திரும்பியது. அவள் அதைப் பார்த்ததும், தாள் அவருக்கு நன்றாகத் தெரியும்படி வண்டியைச் சற்றே திருப்பி நிறுத்தினாள். நான் பாதி டீயை வைத்துவிட்டு, எதிர்ச் சந்துக்குள் வேகமாக நடந்தேன்.