இறம்பொடை இறக்கம்

என் நாட்குறிப்பில் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குக் கீழே நான்கு வரிகள் இருக்கின்றன. “6.10 நுவரெலியா, மூடுபனி. மச்சான் முன்னால். 7.25 இறம்பொடைக்கு மேலே தேத்தண்ணி. 7.50 விழுந்தான்.” கடைசி வரியை ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்து எழுதினேன். எழுத்து மற்ற நாட்களைப் போலவே ஒழுங்காக இருக்கிறது.

மச்சான் என் மனைவியின் தம்பி. மானிப்பாயில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறான். குனிந்து இருந்து ஓடும் பந்தய வகை மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கிய நாளிலிருந்து அவனுக்கு வளைவு வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்தில் ஏற்றம் என்றால் பாலம்தான். வளைவு என்றால் யாரோ ஒருவரின் வேலியைச் சுற்றி ஒழுங்கை திரும்புவது. அதனால் மூன்று நாள் லீவு போட்டு, நானும் என் பழைய மோட்டார் சைக்கிளில் அவனோடு மலைநாட்டுக்குப் போனேன். ஏறும்போது அவன் நன்றாகவே ஓடினான். ஒவ்வொரு வளைவிலும் முழங்கால் தார் றோட்டை நோக்கிச் சாய்ந்தது.

இறங்கும் வழியில்தான் அந்தத் தேத்தண்ணிக் கடை.

“அத்தான், நீங்கள் மாட்டு வண்டிலிலை வெளிக்கிட்டிருந்தா எனக்கு முதலே வந்திருப்பியள்.”

“நீ கீழை போய் ஒரு நித்திரை கொள்ளு. நான் வந்து எழுப்பிறன்.”

பெற்றோல் முள் அடியில் நிற்கிறது என்றான். நான் சொன்னேன்: “இனி முழுக்க இறக்கம்தானே. எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு நியூட்ரலிலை விடு. சும்மா போகும்.”

“ஓம், பாப்பம்.”

2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் நாங்கள் எல்லோரும் பழகியது அது. சந்தி தெரிந்ததும் எஞ்சினை நிறுத்திவிட்டு உருண்டு போவோம். சமதரையில் அதனால் ஒரு கெடுதலும் இல்லை. மலைப்பாதைகள் எப்படி வெட்டப்பட்டன என்று நிறைய வாசித்திருந்தேன். இறக்கத்தில் வண்டியைப் பிடித்து வைப்பது எஞ்சின்தான் என்பதையும், அது நின்றால் பிறேக் தனியாக உழைத்துச் சூடேறிப் பிடிக்காமல் போய்விடும் என்பதையும் அவன் விழுந்த பிறகுதான் வாசித்தேன். நான் என் எஞ்சினை நிறுத்தவில்லை. என்னிடம் பெற்றோல் இருந்தது.

இரண்டு வளைவு பின்தங்கி நான் வந்து சேர்ந்தபோது அவன் மதகடியில் கிடந்தான்.

இப்போது அவனுடைய வலது முழங்கால் மடங்காது. தேத்தண்ணிக் கடையிலிருந்து ஆஸ்பத்திரி வரை அவனுக்கு எதுவும் நினைவில்லை. கடையில் நான் சொன்னதும் நினைவில்லை. பிறேக் பிடிக்காமல் போனது மட்டும் கராஜில் கழற்றிப் பார்த்தபோது தெரிந்தது. சனிக்கிழமைகளில் நான் போனால் அவனுக்கு ஒரே கேள்வி.

“எஞ்சின் ஓடினதோ, நிண்டதோ?”

“ஏன் கேக்கிறாய்?”

“நிண்டிருந்தா அதுதான் காரணம். ஓடியிருந்தா எனக்கு மோட்டார் சைக்கிள் ஓடத் தெரியேல்லை எண்டுதான் அர்த்தம். பிறகேன் அதை வீட்டு முத்தத்திலை வைச்சிருக்கோணும்?”

தெரியாது என்று பல சனிக்கிழமைகள் சொன்னேன். அது பொய்யும் இல்லை. போன சனிக்கிழமை மிச்சத்தையும் சொன்னேன்.

“நிப்பாட்டச் சொன்னது நான்தான்.”

அவன் என்னைப் பார்த்தான். “நீங்கள் சொன்னதை நான் எப்ப கேட்டனான்?”

நாங்கள் இரண்டு பேரும் சிரிக்கவில்லை. அவனைத் தூக்கி வாகனத்தில் ஏற்றியபோது, தேயிலைக் கொழுந்து எடுக்க வந்த ஒரு பெண் “சாவிய வச்சிக்கங்க ஐயா” என்று அவனுடைய வண்டித் திறப்பை என் கையில் தந்ததைச் சொன்னேன்.

“அப்ப அவதான் நிப்பாட்டினவவோ?”

“கேக்கேல்லை.”

அவளுடைய பெயரோ, தோட்டத்தில் அவள் இருக்கும் லயமோ எனக்குத் தெரியாது. ஓடிக்கொண்டிருந்த எஞ்சினை நிறுத்திவிட்டுத் திறப்பை எடுத்தாளா, ஏற்கெனவே நின்றிருந்ததிலிருந்து எடுத்தாளா என்பது இதை எழுதும் இன்றுவரை உறுதி செய்யப்படவில்லை.