மலையில் காணி பார்த்த கதை

எங்கள் சொந்தத்துக்குள் யார் காணி வாங்கினாலும் முதலில் என்னைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். நான் ஒன்றும் படித்த நில அளவையாளன் இல்லை. உரும்பிராயில் கொஞ்சம் தோட்டம், யாழ்ப்பாணத்தில் ஒரு இரும்புக் கடையில் வேலை, அவ்வளவுதான். ஆனால் காணி பார்ப்பதில் எனக்கொரு கைராசி என்று எப்படியோ பெயர் வந்துவிட்டது. கிணற்றுத் தண்ணீரை ஒரு மிடறு வாயில் விட்டுப் பார்ப்பேன். உவர் என்றால் அந்த இடத்திலேயே திரும்பிவிடுவேன். மண்ணை அள்ளிப் பார்த்து, மழைத் தண்ணீரை இறக்குமா தேக்குமா என்று சொல்லுவேன். தரை மட்டமா என்பதைக் கண்ணாலேயே அளந்துவிடுவேன். இந்தத் தலைக்கனத்தோடுதான் போன சித்திரை விடுமுறையில் மலைநாட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

காரணம் என் மகள். அவளுக்குப் பன்னிரண்டு வயது. கனடாவிலிருந்து வந்து நின்ற என் தம்பி, திரும்பிப் போகும்போது செம்மஞ்சள் நிறத்தில் ஒரு கூடாரத்தை விட்டுவிட்டுப் போயிருந்தான். அது உறைப்பையோடு இரண்டு வருடமாக அலுமாரிக்கு மேலே கிடந்தது. ஒவ்வொரு விடுமுறைக்கும் மகள் அதைக் காட்டி, மலையில் ஒருநாள் அதற்குள் படுக்க வேண்டும் என்று அரிக்கத் தொடங்குவாள். எங்கள் ஆட்கள் வெளியூர் போனால் சொந்தக்காரர் வீட்டில் தங்குவார்கள், இல்லாவிட்டால் கோயில் மடத்தில் தங்குவார்கள். காசைச் செலவழித்துப் போய் வெறுந்தரையில் படுப்பது என்றால் சிரிப்பார்கள். சிரித்தும் விட்டார்கள். எனக்கு அதுபற்றிக் கவலை இல்லை. சிக்கல் என் மனைவிதான்.

அவள் கிளிநொச்சிப் பக்கத்துக்காரி. யுத்தம் முடிந்த வருடம் அவளுக்குப் பத்தொன்பது வயது. இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த முகாமில் ஒரு தறப்பாள் கூடாரத்துக்குள் எட்டு மாதம் இருந்தவள். எங்களுக்குக் கலியாணம் பேசி முற்றான பிறகு, ஒருநாள் எங்களைத் தனியாகக் கதைக்க விட்டார்கள். எனக்கு வேறொன்றும் கேட்கத் தெரியாமல், எங்கே எல்லாம் போக விருப்பம் என்று கேட்டுவைத்தேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "எங்கை வேணுமெண்டாலும் வாறன். டென்டுக்குள்ளை மட்டும் என்னைப் படுக்கச் சொல்லாதேங்கோ" என்றாள். யாரப்பா கலியாணம் முடித்த கையோடு மனைவியைக் கூடாரத்துக்குள் படுக்க வைப்பான் என்று நான் சிரித்துவிட்டேன். மடையன், சிரித்திருக்கக் கூடாது. அலுமாரியை வாராவாரம் தூசி தட்டுகிறவள், அந்த உறைப்பையில் மட்டும் ஒருநாளும் கை வைக்கவில்லை.

கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். மூன்றுபேரும் போவது. நானும் மகளும் கூடாரத்தில் படுப்பது, மனைவி பட்டணத்தில் அறை எடுத்துத் தங்குவது. மகள் ஓம் என்று சொன்னாள், ஆனால் முகத்தை இரண்டு நாள் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். வெளிக்கிடுவதற்கு முதல்நாள் உடுப்பு மடித்துக்கொண்டிருந்த மனைவி என்னிடம், "எனக்கும் ஆசைதான். பிள்ளை வாங்கோ அம்மா எண்டு கேக்கேக்கை ஓமெண்டு சொல்ல ஏலாமல் கிடக்கு. அதுதான் எனக்குக் கவலை" என்றாள். நான் பயணத்துக்கு எடுத்து வைத்த தண்ணீர்க் கான்களைக் கழுவப் போய்விட்டேன்.

தண்ணீர்க் கான்கள் பற்றியும் சொல்லிவிட வேண்டும். எங்கள் கிணற்றுத் தண்ணீரை ஐந்து லீற்றர்க் கான் நான்கில் நிரப்பி, இரண்டு பஸ் மாறி, மலை உச்சி வரைக்கும் தூக்கிக்கொண்டு போனேன். எங்கே போனாலும் நல்ல தண்ணீர் கிடைக்குமோ என்ற பயம் எங்கள் ஊரில் பிறந்தவனுக்கு இரத்தத்தில் ஊறினது. பஸ்ஸை விட்டு இறங்கின இடத்திலேயே கற்பாறையிலிருந்து தண்ணீர் சோவென்று கொட்டிக்கொண்டிருந்தது. மனைவி அதையும் பார்த்தாள், என் கையில் இருந்த கான்களையும் பார்த்தாள், கொடுப்புக்குள் சிரித்துக்கொண்டு நடந்தாள்.

அது தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சின்னப் பட்டணம். ஒரு றெயில்வே ஸ்ரேசன், ஒரு பேக்கரி, ஒரு முருகன் கோயில், பத்திருபது கடை. ஸ்ரேசன் வாசலில் நின்ற ஓட்டோக்காரர் ஒருவரைப் பிடித்தோம். தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர், என் வயதுதான் இருக்கும். கூடாரம் அடிக்க இடம் காட்ட வேண்டும் என்றதும் எங்கள் மூன்றுபேரையும் ஒருதரம் ஏற இறங்கப் பார்த்தார். பெரும்பாலும் வெள்ளைக்காரர்தான் அப்படிக் கேட்பார்கள் என்றார்.

முதலில் ஒரு மலை முனைக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து பார்த்தால் ஏழெட்டு மலை அடுக்கடுக்காகத் தெரிந்தது. ஆனால் காலடியில் முழுக்க உடைந்த போத்தல். காற்று வேறு ஆளையே தள்ளியது. வேண்டாம் என்றேன். இரண்டாவது, தோட்டத்துப் பிள்ளைகள் பந்தடிக்கிற ஒரு சின்ன மைதானம். மட்டமான தரைதான். ஆனால் இறங்கி நின்ற ஐந்து நிமிடத்தில் மகளின் காலில் மூன்று அட்டை. அவள் அலறவில்லை, எண்ணிச் சொன்னாள். நான்தான் கத்தினேன். மூன்றாவது இடம், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால். அங்கே இருந்த சனம் வெளியே ஏன் படுக்கிறீர்கள், வீட்டுக்குள் வாருங்கள் என்று கையைப் பிடித்து இழுத்தார்கள். அந்த அன்பிலிருந்து தப்பி வரவே அரை மணித்தியாலம் பிடித்தது.

நாலாவதாகப் போனது ஓடைக்கரை. அதைக் கண்டதும் என் மனசு அங்கேயே விழுந்துவிட்டது. பாறைகளுக்கு நடுவே தெளிந்த தண்ணீர் சலசலவென்று ஓடியது. பக்கத்திலேயே எங்கள் ஊர்க் காணிக் கணக்கில் அரைப் பரப்பு அளவில் வெள்ளை மணல் திட்டு. தரையோ மட்டம் வைத்து இழுத்தது மாதிரி. மேலே மர நிழல். குனிந்து தண்ணீரை ஒரு மிடறு குடித்தேன், இனிப்பு. மண்ணை அள்ளினேன், பொலபொலவென்று விரலால் வழிந்தது. நல்ல தண்ணீர், இறங்குகிற மண், மட்டமான தரை. எங்கள் ஊரில் இப்படி ஒரு துண்டு கிடைத்தால் அடிபிடிப்பட்டு வாங்குவார்கள். இதுதான் இடம் என்று அடித்துச் சொல்லிவிட்டேன்.

ஓட்டோக்காரர் தலையைச் சொறிந்தார். "சார், வெயிலப் பாத்து ஏமாந்துறாதீங்க. மேல மலையில பேஞ்சா இங்க வந்துரும்" என்றார்.

நான் வானத்தைப் பார்த்தேன், ஒரு பொட்டு முகில் இல்லை. எங்கள் ஊரில் ஆறு கிடையாது. தண்ணீர் கிணற்றுக்குள் தன்பாட்டில் இருக்கும், நாங்கள்தான் அதைத் தேடிப் போக வேண்டும். பக்கத்து ஊரில் பெய்த மழை, வெயில் எறிக்கிற என் முற்றத்துக்கு நடந்து வரும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. அதனால் அந்த மனிதர் எதையோ பெரிதுபடுத்துகிறார் என்றே எடுத்துக்கொண்டேன். அவர் கோயிலுக்கு ஆட்களை ஏற்றப் போக வேண்டும் என்றார். ஐந்து மணிக்கு வந்து மனைவியை அறைக்குக் கூட்டிப் போவதாகச் சொல்லி, ஓடை கலங்கினால் உடனே மேலே ஏறிவிடுங்கள் என்று இன்னொருதரம் சொல்லிவிட்டுத்தான் போனார்.

நானும் மகளும் கூடாரத்தை விரித்தோம். மனைவி கான்களுக்குப் பக்கத்தில் ஒரு கல்லில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் கம்புகளை மாறிச் செருகினேன். பிறகு முளைக்கம்பி மணலில் நிற்கவில்லை. அடிக்க அடிக்கப் பிடுங்கிக்கொண்டு வந்தது. வியர்த்துக் கொட்டியது, எரிச்சல் எரிச்சலாக வந்தது. அந்த நேரம் பார்த்து மனைவி, "உதிலை வேண்டாம். மேட்டிலை அடியுங்கோ" என்றாள். நான் கம்பியை இன்னும் ஓங்கி அடித்தேன். வாசலை அந்தப் பக்கம் வைத்தால் காற்று உள்ளே அடிக்கும் என்றாள். நான் அடுத்த கம்பியை எடுத்தேன். மூன்றாவது தரமும் மேட்டைக் காட்டினாள்.

"டென்ட் அடிக்கிறதைப் பற்றி உமக்கு என்ன தெரியும்?" என்று கேட்டுவிட்டேன்.

கேட்ட மறு கணமே நாக்கைக் கடித்துக்கொண்டேன். என்ன பிரயோசனம்? யாரிடம் எதைக் கேட்டுவிட்டேன்! மகள் என்னைப் பார்த்தாள், தாயைப் பார்த்தாள். அவளுக்கு முகாம் பற்றி நாங்கள் ஒன்றும் விரிவாகச் சொன்னதில்லை, ஆனாலும் ஏதோ பிழையாகிவிட்டது என்று விளங்கிவிட்டது.

மனைவி எழும்பி வந்தாள். அழுவாள், அல்லது ஓட்டோ வரட்டும் என்று திரும்பி இருந்துகொள்வாள் என்று நினைத்தேன். அவள் கரையில் இருந்த பற்றைகளுக்குள் கையை விட்டாள். அவளுடைய தோள் உயரத்தில், கொப்புகளுக்கு இடையே காய்ந்த சருகும் தடியும் ஒரு கிழிந்த பொலித்தீன் துண்டும் சிக்கிக் கிடந்தன. அதை இழுத்து என் கையில் வைத்தாள். "இது ஆர் கொண்டுவந்து வைச்சது? தண்ணிதான். இது தண்ணியின்ரை இடம்" என்றாள். பிறகு என் முளைக்கம்பிகளை ஒவ்வொன்றாக அவளே பிடுங்கினாள். இரண்டு வருடமாகத் தொடாத கூடாரத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மேட்டில் ஏறினாள். நானும் மகளும் கான்களைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனோம். வேறென்ன செய்ய?

அவள் இடம் பார்த்த விதத்தை நான் இன்னும் மறக்கவில்லை. மட்டமான தரையை அவள் தேடவில்லை. தண்ணீர் ஓடி விலகக்கூடிய கொஞ்சம் சரிந்த தரையைத் தேடினாள். காய்ந்த கொப்பு உள்ள மரத்துக்குக் கீழே வேண்டாம் என்றாள். வாசலைக் காற்றுக்கு எதிர்ப்பக்கம் வைத்தாள். பிறகு அலுமினியத் தட்டு ஒன்றை எடுத்து, கூடாரத்தைச் சுற்றித் தண்ணீர் வடிய வாய்க்கால் வெட்டத் தொடங்கினாள். மகள் இன்னொரு தட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் குந்தினாள். வெட்டுகிற மண்ணை உட்பக்கம் அணைக்க வேண்டும் என்றும், மழை பெய்யும்போது உள்ளே இருந்து கூடாரச் சீலையில் கை பட்டால் அந்த இடத்தால் ஒழுகும் என்றும் சொல்லிக் கொடுத்தாள். இதெல்லாம் எப்படி அம்மா தெரியும் என்று மகள் கேட்டாள்.

"எட்டு மாதம் இருந்தனான் பிள்ளை. மூண்டு தரம் வெள்ளம் வந்தது. முதல் தரம் எங்களுக்கு ஒண்டும் தெரியாது. மூண்டாந்தரம் எங்கடை டென்டுக்குள்ளை ஒரு சொட்டுத் தண்ணி வரேல்லை" என்றாள்.

அவள் குரலில் ஒரு பெருமை இருந்தது. நான் அதை அதற்கு முன் கேட்டதே இல்லை. நான் முளைக்கம்பிகளுக்கு மேல் வைக்கக் கல் பொறுக்கப் போனேன்.

நாலு மணி இருக்கும். எங்கள் மேல் ஒரு துளி விழவில்லை. கீழே ஓடையின் சத்தம் மாறியது. எட்டிப் பார்த்தேன். தெளிந்த தண்ணீர் தேத்தண்ணி நிறமாகி, பாறைகளை மூடிக்கொண்டு வந்தது. கால் மணித்தியாலத்துக்குள் என் மணல் திட்டு இருந்த இடமே தெரியவில்லை. மகள் என் பக்கம் திரும்பி, "அப்பா, நல்ல காணி" என்றாள். மனைவி வாய்விட்டுச் சிரித்தாள்.

ஐந்து மணிக்கு முன்பே ஓட்டோக்காரர் ஓடி வந்தார். கீழே கரையில் நின்று எங்களைத் தேடி, முகம் வெளிறிப்போய்க் கூப்பிட்டார். மேட்டிலிருந்து கை காட்டியதும் மூச்சு வாங்க ஏறி வந்தார். வாய்க்காலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, யார் வெட்டியது என்று கேட்டார். மகள் தாயைக் காட்டினாள். அவர் தலையை ஆட்டிவிட்டு, இருட்ட முதல் அறைக்குப் போய்விடலாம், வாருங்கள் அம்மா என்றார்.

மனைவி தன் பையை எடுத்தாள். இரண்டடி வைத்தாள். மகள் ஒன்றும் கேட்கவில்லை, தட்டில் இருந்த மண்ணை விரலால் சுரண்டிக்கொண்டிருந்தாள். நானும் கேட்கவில்லை. ஒரு நாளைக்கு ஒரு பிழை போதும். மனைவி கூடாரத்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு, "இந்த மனுசனை நம்பிப் பிள்ளையை விட்டிட்டுப் போகேலாது. நான் நிக்கிறன்" என்று ஓட்டோக்காரரிடம் சொன்னாள். மகள் தட்டைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தாள்.

படுக்கும்போது மனைவி வாசல் பக்கம் தனக்கு வேண்டும் என்றாள். வாசலை மூடும் சிப்பின் பிடியைக் கையில் வைத்துக்கொண்டே படுத்தாள். அவள் நித்திரை கொண்டாளா என்று எனக்குத் தெரியாது. நான் வெட்கமில்லாமல் நன்றாகத் தூங்கிவிட்டேன்.

விடிய எழும்பியபோது அவளுடைய இடம் வெறுமையாகக் கிடந்தது. வாசல் திறந்திருந்தது. வெறுங்காலோடு வெளியே ஓடினேன். எங்கும் புகார், பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத பனிமூட்டம். கூப்பிட்டுப் பார்த்தேன், பதில் இல்லை. ஓடைப் பக்கம் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினால், தேயிலைக்கு நடுவே இருந்த பாதையால் அவள் ஆறுதலாக நடந்து வந்துகொண்டிருந்தாள். சேலைத் தலைப்பால் தலையை மூடியிருந்தாள். செருப்பெல்லாம் பனி. எனக்குப் பயமும் கோபமும் ஒன்றாக வந்தன.

"எங்கை போனனீர்? சொல்லிப்போட்டுப் போகக்கூடாதே?"

அவள் கூடார வாசலில் இருந்து செருப்பைக் கழற்றினாள்.

"அங்கை முள்ளுக்கம்பிக்கு வெளியிலை போறதெண்டால் பாஸ் வேணும். எட்டு மாதமும் நான் ஒருநாளும் டென்டாலை எழும்பி நினைச்ச பக்கம் நடக்கேல்லை. இண்டைக்கு எழும்பினன், சிப்பைத் திறந்தன், போனன். ஒரு சனமும் எங்கை போறாய் எண்டு கேக்கேல்லை." செருப்பைத் தட்டி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நீங்கள்தான் இப்ப கேட்டனீங்கள்."

அவள் கோபப்பட்டுச் சொல்லவில்லை. ஆனால் நான் அந்த ஈரத்தரையிலேயே குந்திவிட்டேன். அவள் உள்ளே தலையை விட்டு மகளை எழுப்பினாள். இருவரும் ஏதோ குசுகுசுத்தார்கள். மகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தாள். மனைவி மறுபடியும் செருப்பை மாட்டினாள். இரண்டுபேரும் கையைக் கோத்துக்கொண்டு புகாருக்குள் நடந்து போனார்கள். எங்கே என்று நான் கேட்கவில்லை.